பெஞ்சுப் பேச்சில் பிறந்த ஹீட்டர்

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் ஒரு காலத்தில் எதை வாங்கினாலும் பொட்டலமாகத்தான் கைக்கு வரும். ஐம்பதைத் தாண்டியவர்கள் கண்ணை மூடினால் அந்தக் கடைக்காரர் இன்னும் தெரிவார்: பழைய செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி, கடுகையோ மிளகையோ கொட்டி, மேல்வாயை மடித்து, தலைக்கு மேலே தொங்கும் கண்டிலிருந்து நூலை இழுத்து நாலு சுற்றுச் சுற்றி, வெடுக்கென்று அறுத்து நீட்டுவார். வீட்டுக்கு வந்து பிரித்தால் சரக்கு அம்மாவுக்கு, தாள் எங்களுக்கு. ஒரு சினிமா விளம்பரத்தில் பாதியும், எங்கோ நடந்த திருட்டில் முதல் பத்தியும் அதில் இருக்கும். மீதிப் பத்தி யார் வீட்டு மல்லியோடு போயிற்றோ என்று யோசித்தபடி, திருடனை நாங்களே பிடித்துக் கதையை முடித்துக்கொள்வோம்.

அந்தக் கடைகளுக்குச் சரக்கு வந்த வழிகளில் ஒன்று மலைவழி. கல்வராயன் மலையிலிருந்து புளி, கடுக்காய், தேன், சீயக்காய் எல்லாம் வெள்ளிமலைப் பக்கமாக இறங்கி, கோமுகி அணையைத் தாண்டி, கச்சிராயபாளையம் வழியாக ஊருக்குள் வரும். சனிக்கிழமைக் காலையில் எங்கள் தெருவில் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் சீயக்காய் நெடி மூக்கில் ஏறும். 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த அந்த மலைக்கு ரோடும் கரண்டும் தாமதமாகத்தான் ஏறின. ஆனால் சாஷே தாமதிக்கவில்லை. சின்னச் சின்னப் பைகளில் அடைத்துச் சில்லறைக்கு விற்றால் ஏழைகளும் எதையும் வாங்கலாம் என்ற எண்ணத்தைக் கடலூரில் விதைத்தவர் சின்னிகிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலோடு சிக் ஷாம்புவைத் தொடங்கினார். 1993-இல் தென்னார்க்காடு பிரியும்வரை கடலூரும் எங்கள் ஊரும் ஒரே மாவட்டம் என்பதால், அந்தப் பெருமையில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்றே நினைத்தோம். சில வருஷங்களுக்குள், சீயக்காய் மூட்டை இறங்கி வந்த அதே கொண்டை ஊசி வளைவுகளில் ஷாம்புச் சரங்கள் பஸ்ஸின் கூரையில் ஏறிப் போயின.

அந்தச் சரத்தின் ஒவ்வொரு பையையும் மூடுவது நூல் அல்ல, பசை அல்ல, சூடு. பேக்கிங் மெஷினுக்குள் எதிரெதிராக இரண்டு உலோகத் தாடைகள் உண்டு. அவை வந்து ஃபிலிமைக் கவ்விப் பிடிக்கும் ஒரு நொடிக்குள் இரண்டு ஓரங்களும் ஒட்டிக்கொள்ள வேண்டும். சூடு குறைந்தால் பையின் வாய் பிளக்கும்; கூடினால் ஃபிலிம் சுருங்கிப் பொசுங்கும். இந்தச் சூட்டைத் தருவது தாடைக்குள் துளையிட்டுச் செருகிய, விரல் பருமனுள்ள ஒரு குச்சி. கேட்டலாக்கில் அதற்குக் கார்ட்ரிட்ஜ் ஹீட்டர் என்று பெயர். எங்கள் பக்கம் ராடு ஹீட்டர் என்றால் போதும், எடுத்துக் கொடுப்பார்கள். உலகத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத அந்தக் குச்சியோடுதான் என் வாழ்க்கையின் பெரும்பகுதி கழிந்தது. அதில் எனக்கு இன்றும் மகிழ்ச்சிதான்.

நான் வேலை பழகியது ஒரு மோட்டார் காயில் கட்டும் கடையில். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கிற ஊரில் கரும்புக்குக் குறைவேது. கரும்பு இருந்தால் பம்ப்செட் இருக்கும், பம்ப்செட் இருந்தால் எரிந்த மோட்டார் இருக்கும். வண்டியிலும் டிராக்டரிலும் மோட்டார்கள் வந்து இறங்கும். வார்னிஷ் வாசனை சட்டையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகூடப் போகாது. கடை வாசலில் ஒரு மர பெஞ்ச். மோட்டார் கொண்டுவந்த விவசாயி அதில் உட்கார்ந்துவிட்டால் எழுந்து போக அவசரப்பட மாட்டார். கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்பதில் தொடங்கிப் பெண்ணுக்கு வரன் பார்த்த கதை வரைக்கும் சொல்லி முடிக்கும்போது, மேஸ்திரி அந்த மோட்டார் ஏன் எரிந்தது என்பதைக் கண்டுபிடித்திருப்பார்.

பிறகு ஒருநாள் சின்னசேலம் பக்கமிருந்து ஜவ்வரிசி பேக் செய்கிற ஒருவர் எரிந்துபோன ஹீட்டர் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். காயில்தானே, இதையும் கட்டிக் கொடுங்கள் என்றார். அப்படித்தான் அந்தக் குச்சிகள் எங்கள் கடைக்குள் நுழைந்தன.

அந்தக் காலத்து ராடு ஹீட்டரைத் திறக்க முடியும். இந்த ஒரு வாக்கியத்தை எழுதும்போதே என் விரல்களுக்கு நினைவு வந்துவிடுகிறது. வாயில் பூசிய சிமெண்டை ஊசிமுனையால் பொறுமையாகக் கொத்தி எடுத்துவிட்டுக் குழாயைக் கவிழ்த்துத் தட்டினால், உள்ளிருந்து வெள்ளைப் பொடி உதிரும். அதைத் தொடர்ந்து, நெடுக ஓட்டைகள் போட்ட பீங்கான் கட்டை வழுக்கிக்கொண்டு வரும். அந்த ஓட்டைகளுக்குள் சுருளாக ஓடும் நைக்ரோம் கம்பி எங்கே அறுந்திருக்கிறது என்று தேடுவதே ஒரு துப்பறியும் வேலை. அறுந்த முனையில் சிறு முத்துப்போல உருகி நின்றால் ஒரு காரணம். பச்சையும் கறுப்புமாக உதிர்ந்திருந்தால் வேறு காரணம். பழைய கம்பியை எடுத்துவிட்டுப் புதுச் சுருளை இழுத்து, ஓம்ஸ் பார்த்து, பொடியைத் திரும்பக் கொட்டி மூடுவோம். 230 வோல்ட்டில் 500 வாட் வேண்டுமென்றால் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் ஏறத்தாழ 106 ஓம்ஸ் இருக்க வேண்டும். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுக்கும் அந்தக் கணக்கை மேஸ்திரி சிகரெட் பெட்டியின் உள்பக்கத்தில் போட்டுக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் அதே கணக்கு கரும்பலகையில் இருந்தபோது அது எனக்கு உயிரில்லாத எண். சிகரெட் பெட்டிக்கு வந்ததும் அது ஒருவர் வீட்டு ஜவ்வரிசியாகிவிட்டது.

பொடி கொட்டுவதில்தான் கைத்திறமை. படியில் அரிசி அளப்பவர் குலுக்கி அளந்தால் இன்னும் ஒரு பிடி கொள்ளும் அல்லவா, அதுபோலக் குழாயைத் தட்டித் தட்டிப் பொடியை இறங்க வைக்க வேண்டும். எவ்வளவு தட்டினாலும் மணிகளுக்கு நடுவே காற்று மிச்சமிருக்கும். அந்தக் காற்றுதான் ஹீட்டருக்கு எமன். கம்பியில் பிறக்கும் சூடு குழாய்க்குப் போய், குழாயிலிருந்து தாடைக்குப் போக வேண்டும்; வழியில் காற்று நின்று மறித்தால் தாடை சூடாகாது, கம்பி மட்டும் தனியாகத் தகதகக்கும். ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1906-இல் காப்புரிமை பெற்ற இந்த நிக்கல்–குரோமியம் கலவைக்கு ஒரு நல்ல குணம் உண்டு: சூடேறியதும் தன்மேல் குரோமியம் ஆக்சைடால் ஒரு தோல் போட்டுக்கொள்ளும், அந்தத் தோல் இருக்கும்வரை காற்று உள்ளே போய்க் கம்பியைத் தின்னாது. ஆனால் அளவுக்கு மீறிய சூட்டிலும், ஓயாமல் சூடேறி ஆறுவதிலும் தோல் வெடித்து உதிர்ந்துகொண்டே இருந்தால், பாவம், எந்தக் கம்பிதான் தாங்கும்? நாங்கள் கட்டிய ஹீட்டர்கள் மாதக்கணக்கில் ஓடும், திரும்பி வரும். திரும்பி வருவது அன்று யாருக்கும் குறையாகப் படவில்லை. அறுவடை முடிந்து மாமன் வீட்டுக்கு வருவதுபோல் ஹீட்டரோடு ஆளும் வருவார், பெஞ்சில் உட்காருவார், டீ வரும்.

அந்த டீயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேஸ்திரி எரிந்த ஹீட்டரை வாங்கியதும் திறக்க மாட்டார். அதைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "வாங்கண்ணே, உட்காருங்க, தம்பி ரெண்டு டீ சொல்லு" என்பார். பிறகு பேச்சு. "ராத்திரியில ஓட்டுறீங்களா, பகல்ல ஓட்டுறீங்களா?" "துளையை யாரு போட்டது, நம்ம லேத்துக்காரரா?" "பக்கத்துல எண்ணெய் ஏதாவது பேக் பண்றீங்களா?" எனக்கு அப்போது பதினெட்டு வயசு, டீயோடு வரும் போண்டாவுக்காகவே அந்தப் பேச்சு நீள வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். ஊர்க்கதை என்று நான் கேட்டுக்கொண்டிருந்த அதற்குள்தான் ஹீட்டரின் முழு டிசைனும் இருந்தது என்பது, பிறகு நானே காகிதத்தில் டிசைன் போடத் தொடங்கியபோது தெரிந்தது.

ராத்திரியா பகலா என்ற கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் சுற்றுவட்டாரத்துப் பம்ப்செட் எல்லாம் இழுக்கும்போது கடைக்கோடிக் கிராமத்தில் 180 வோல்ட்தான் வரும். 500 வாட் என்று பொறித்த ஹீட்டர் அந்த வோல்ட்டில் 306 வாட்தான் கொடுக்கும். பையின் வாய் ஒட்டாது. மெஷின்காரர் இன்னும் பெரிய ஹீட்டராக வாங்கிப் போடுவார். நள்ளிரவில் பம்ப்செட்கள் ஓய்ந்ததும் வோல்ட் 260-க்கு எகிறும். பழைய 500 வாட் ஹீட்டரே அப்போது 639 வாட்டைக் கக்கும். வோல்ட் கொஞ்சம் மாறினால் வாட் அதைவிட வேகமாக மாறும் என்பதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் வட்டாரத்துக் கரும்புக் கொல்லைகள் அதைத் தினமும் நடத்திக் காட்டின.

துளையைப் பற்றிய கேள்வியும் அப்படித்தான். வெறும் டிரில் பிட்டால் போட்ட துளை உள்ளே கரடுமுரடாக, சில இடங்களில் அகன்று இருக்கும். அதற்குள் ஹீட்டர் ஆடிக்கொண்டு நின்றால், உள்ளே நாங்கள் தட்டித் தட்டி விரட்டிய காற்று வெளியே வந்து உட்கார்ந்துகொண்ட கதைதான். டிரில் போட்டபின் ரீமர் விட்டுத் துளையை வழவழப்பாக்க வேண்டும். ஹீட்டருக்கும் துளைக்கும் நடுவே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட அதிகம் என்பார் எங்களுக்கு வேலை செய்த லேத்துக்காரர். துளையை மறுபக்கம் வரை ஊடுருவ விடுவதும் அவர் பழக்கம். எரிந்த ஹீட்டர் உள்ளேயே பிடித்துக்கொண்டால், பின்பக்கமிருந்து ஒரு கம்பியை வைத்துத் தட்டி வெளியேற்றிவிடலாம். பின்னாளில் ஒரு மெஷின் ஆப்பரேட்டர் ராத்திரி இரண்டு மணிக்கு அந்த ஊடுதுளையால் பத்தே நிமிஷத்தில் வேலையை முடித்தபோது, அந்த லேத்துக்காரரை மனதுக்குள் கும்பிட்டிருப்பார்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு ஒரு சங்கடம். உள்ளே இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடிக்கு ஈரத்தின் மேல் தீராத ஆசை. சூட்டைத் தாராளமாக விடுவதும் மின்சாரத்தை மறிப்பதும் ஒரே பொருளில் அமைவது அபூர்வம். இந்த வெள்ளைப் பொடியில் இரண்டும் உண்டு, 2,800 டிகிரி வரை உருகவும் உருகாது. ஆனால் ஈரம் குடித்துவிட்டால் மறிக்கும் குணம் போய்விடும்; மின்கசிவு பார்க்கும் மெகரில் முள் கீழே விழும்; மெஷினைத் தொட்டால் ஷாக் அடிக்கும். மழைக்காலத்தில் புது ஹீட்டரைக்கூட 120 டிகிரிக்கு மேல் வைத்துக் காயவிட்டு, மெகர் வைத்துப் பார்த்த பிறகே மெயினில் கொடுப்போம். அந்த மெகரின் கைப்பிடியைச் சுற்றுவது கடைப் பையன்களுக்குள் போட்டி. இன்று ஒரு பட்டனைத் தொட்டால் எண் வருகிறது. எண் சரியாகத்தான் வருகிறது, சுற்ற ஆளில்லை.

கோயம்புத்தூரில் முதன்முதலாக ஸ்வேஜிங் மெஷினைப் பார்த்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. பீங்கான் கட்டையின் ஓட்டைக்குள் கம்பியை விடாமல், மெக்னீசியம் ஆக்சைடு கட்டையின் மேலேயே நெருக்கமாகச் சுற்றி, குழாய்ச் சுவருக்குப் பக்கத்தில் கம்பி வரும்படி நடுவில் நிறுத்தி, அதிர்வு கொடுத்துப் பொடியை நிரப்புகிறார்கள். அதோடு நிற்காமல் குழாயையே சுற்றிலும் சம்மட்டிகள் அடித்து, முழு நீளத்துக்கும் பருமனைக் குறைக்கிறார்கள். உள்ளே பொடி கல்லாக இறுகுகிறது. எங்களைத் தோற்கடித்த காற்றுக்கு இனி இடமே இல்லை. சூடு தடையின்றிக் குழாய்க்கு வருகிறது. 12.5 மில்லிமீட்டர் பருமனும் 13 சென்டிமீட்டர் சூடாகும் நீளமும் உள்ள ஒரு 500 வாட் குச்சியில், பரப்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் சுமார் 10 வாட்டைச் சுமக்கிறது. எங்கள் கைத்தட்டல் ஹீட்டரைத் திணறடிக்கும் அந்தச் சுமையை இது அனாயாசமாகச் சுமந்துகொண்டு ஓடுகிறது. சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல்லைச் சுட்டால் கிடைப்பதும் இதே மெக்னீசியம் ஆக்சைடுதான்; ஹீட்டருக்கு அதைவிடச் சுத்தமான, மின்உலையில் உருக்கி நொறுக்கிய ரகம் வேண்டும். ஆனாலும் ஆத்தூர் தாண்டிச் சேலத்துக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கரட்டைப் பார்த்தால் எனக்குச் சொந்தக்காரர் வீட்டைக் கடப்பது போலிருக்கும்.

அதன்பின் எல்லாம் மாறியது. ஆப்பரேட்டர்கள் விரலைத் தண்ணீரில் நனைத்துத் தாடைமேல் சுண்டி, துளி எப்படிப் பொரிகிறது என்று கேட்டுச் சூடு பார்த்த காலம் போய், சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் வந்தது, சிவப்பு எண்கள் வந்தன. காண்டாக்டர் டக்கென்று விழுந்து எழும்போதெல்லாம் முழுச் சூடும் முழு ஆறலுமாகத் துவண்ட கம்பி, இப்போது எஸ்.எஸ்.ஆர். என்ற மின்னணு ஸ்விட்ச் சின்னச் சின்னத் துளியாகக் கொடுக்கும் கரண்டில் ஒரே சூட்டில் அமைதியாக நிற்கிறது. ஹீட்டர்கள் வருஷக்கணக்கில் உழைக்கின்றன. இதை நான் மனதார வரவேற்கிறேன். ஒரு ஹீட்டர் எரிந்தால் நின்றுபோவது மெஷின் மட்டும் அல்ல, அன்றைக்குக் கூலிக்கு வந்த பெண்களின் வேலையும்தான்.

ஆனால் இந்தப் புது ஹீட்டரைத் திறக்க முடியாது. கல்லாக இறுகியதை யார் திறப்பது? எரிந்தால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்க வேண்டியதுதான். ஊசிமுனை, பீங்கான் கட்டை, உருகிய முத்து எல்லாம் போயின, பெஞ்சும் போயிற்று. காலம் இன்னொரு வட்டமும் அடித்தது. மந்தாரை இலையைத் தைத்து விரித்த பந்திகளில் பிளாஸ்டிக் தட்டு வந்து உட்கார்ந்தது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை போட்டு எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு தடை செய்தது. உடனே பாக்குமட்டைக்கு யோகம் அடித்தது. ஆத்தூர், வாழப்பாடித் தோப்புகளில் தானாக உதிர்ந்து கிடந்த மட்டையை ஊறவைத்து, கழுவி, சூடான டைக்குள் வைத்து அழுத்தித் தட்டாக்குகிறார்கள். ஈர்க்குச்சியும் இரண்டு கைகளும் சூடே இல்லாமல் செய்ததை இப்போது டையும் ஹீட்டரும் சேர்ந்து செய்கின்றன. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான அதே வருஷத்தில் எங்கள் பக்கத்துக்கு இப்படி ஒரு புதுத் தொழிலும் சேர்ந்தது. ஒரு இலை தன் பழைய இடத்தைத் திரும்பப் பிடிக்க என் குச்சி உதவுகிறதே என்று எனக்குச் சந்தோஷம்.

இன்று ஹீட்டர் வேண்டுமென்றால் செல்போனில் ஒரு படம் எடுத்து அனுப்புகிறார்கள். பருமன், நீளம், வோல்ட், வாட். மறுநாள் பார்சல் பஸ்ஸில் வந்துவிடுகிறது. என்ன வேகம்! ஆனால் அந்த நாலு எண்களுக்குள் கடைக்கோடி டிரான்ஸ்பார்மர் இல்லை, ரீமர் விடாத துளை இல்லை, எண்ணெய் ஊறிக் கரியாகிப் போகும் ஒயர் இல்லை, மழைக்காலமும் இல்லை. முன்னைவிடப் பத்து மடங்கு நல்ல ஹீட்டர் ஒரு மோசமான துளைக்குள் போய், முன்னைப்போலவே சீக்கிரம் எரிகிறது. வாங்கியவர் ஹீட்டர் சரியில்லை என்கிறார், விற்றவர் மெஷின் சரியில்லை என்கிறார். இருவருக்கும் நடுவே ஒரு பெஞ்ச் இருந்திருந்தால், ஒரு டீயில் தீர்ந்திருக்கும்.

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் வந்தால், ஸ்வேஜிங்கையும் வாட் கணக்கையும் ஆசையாகச் சொல்லிக் கொடுக்கிறேன். அவற்றோடு மேஸ்திரியின் கேள்விகளையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். ராத்திரி வோல்ட் எவ்வளவு? துளைக்கு ரீமர் விட்டாரா? குச்சியின் சூடாகும் பகுதி துளைக்கு வெளியே கொஞ்சமாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா? தெர்மோகப்பிள் பை ஒட்டுமிடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா, எங்கோ ஓரத்தில் இருக்கிறதா? ஒயர் போகும் வழியில் தாடை அசைந்து அதை ஒடிக்கிறதா? எண்ணெயா, மாவா, ஷாம்புவா? மழையில் மெஷின் எத்தனை நாள் சும்மா நிற்கும்? செல்போனிலேயே கேட்கலாம், முடிந்தால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டே வரலாம், வெள்ளிமலைக்கே என்றாலும். பதில் சொல்பவர் தன் பெண்ணுக்கு வரன் பார்த்த கதையையும் சேர்த்துச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள் என்றும் சொல்கிறேன். நம்பி வாங்கக்கூடிய ஹீட்டர் பட்டறையில் செய்யப்படுகிறது என்பது உண்மைதான். ஆனால் அது எப்படி இருக்க வேண்டும் என்பது, அதைப் பயன்படுத்தப் போகிறவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். அவர் பேசுவதற்கு நாம்தான் நேரம் கொடுக்க வேண்டும்.